மாதா கழுத்துச் சங்கிலி

சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டு, எது எதுவென்று தெரியாமல் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. பொன்னுக்கு வீங்கி வந்தபோது உங்களுக்கு முதலில் எந்தக் கன்னம் வீங்கியது?

யோசிக்காமலேயே பதில் வந்திருக்கும். நேற்று மத்தியானம் என்ன குழம்பு என்பது நமக்கு மறந்துவிடும், இது மறக்காது. எனக்கு வலது கன்னம். இரண்டு நாளில் இடதும் சேர்ந்துகொண்டது. பிறந்ததிலிருந்தே எனக்கு அகலமான முகம். இரண்டு பக்கமும் வீங்கிய பிறகு, எங்கள் வீட்டு ரசம் போன கைக்கண்ணாடியில் என் முகத்தை இரண்டு தவணையாகத்தான் பார்க்க முடிந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே எங்கள் ஊர். இன்றைக்கு அங்கே ஏதோ ஒரு கம்பெனியின் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. அன்றைக்கு அங்கே பஸ் கிடையாது, டாக்டர் கிடையாது, கொசு மட்டும் தாராளமாக உண்டு. பாதி வீடு மாதா கோவிலுக்குப் போகும், பாதி வீடு அம்மன் கோவிலுக்குப் போகும், காய்ச்சல் வந்தால் எல்லா வீடும் இரண்டுக்கும் போகும்.

வியாதியை ஊருக்குள் கொண்டு வந்தவன் நான்தான். இதை இவ்வளவு பெருமையாகச் சொல்லக்கூடாது, ஆனால் வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த சமாச்சாரம் இது ஒன்றுதான். பொங்கலுக்குப் படப்பையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை பிள்ளைகள் இரண்டு பேரும் கன்னம் வீங்கிக் கிடந்தார்கள். அவர்களை 'பன்னு மூஞ்சி' என்று மூன்று நாள் கிண்டல் செய்து, அவர்கள் கடித்து வைத்த கரும்பையும் பிடுங்கித் தின்றுவிட்டு ஊர் திரும்பினேன். மூன்று வாரத்தில் கரும்புக்குப் பலன் கிடைத்தது.

அந்த வீக்கத்துக்கு அந்தக் காலத்து வைத்தியம் உங்களுக்குத் தெரியும். நாமக்கட்டியை உரைத்துக் கன்னத்தில் அப்ப வேண்டும், கழுத்தில் தங்கம் போட வேண்டும். உடம்பு பொன்னைக் கேட்டு வீங்குகிறதாம், கொடுத்தால் அடங்கிவிடுமாம். நாமக்கட்டி அம்மன் கோவில் பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிட்டது. தங்கத்துக்கு எங்கே போவது? ஊர்ப் பெண்களிடம் தாலியில் கோத்த குண்டுமணி அளவு தங்கம் இருந்தது. அதைக் கழற்ற முடியாது. கழற்றக்கூடிய தங்கம் ஊரிலேயே ஒன்றுதான். அது மாதா சுரூபத்தின் கழுத்தில் இருந்தது.

பிள்ளையில்லாமல் இருந்த யாரோ ஒரு அம்மாள், பிள்ளை பிறந்ததும் நேர்ச்சையாகப் போட்ட சங்கிலி அது. மெல்லிசானது. நுனியில் என் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சிலுவை. கொக்கி என்றோ போய், சிவப்பு நூலால் கட்டியிருந்தது. கோவிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரிடம் என் அம்மா போய் அழுதாள். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் பூசை வைக்க வருவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார் வைத்ததுதான் சட்டம். அவர் கொஞ்ச நேரம் மாதா முகத்தைப் பார்த்தாராம். "அவங்களும் ஒரு புள்ள பெத்தவங்கதானே" என்று சொல்லிச் சங்கிலியைக் கழற்றித் தட்டில் வெள்ளைத் துணி போட்டுக் கொண்டு வந்தார். மூன்று நாள் கெடு. காலையும் மாலையும் வந்து, "கழுத்தக் காட்டுடா" என்பார். நான் வாத்து மாதிரி கழுத்தை நீட்டுவேன்.

அந்த மூன்று நாளும் எனக்கு ராஜ வாழ்க்கை. பள்ளிக்கூடம் இல்லை. கஞ்சி தானாக வரும். பையன்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "தங்கம் எப்டிடா கீது?" என்று கேட்பார்கள். கனமாக இருக்கிறது என்று பெருமூச்சு விடுவேன். கழுத்தில் சங்கிலி இருக்கிற பையனின் வாய் சும்மா இருக்குமா? நாள் முழுக்க அந்தச் சிலுவை என் வாயில்தான் கிடந்தது. உப்பு, நாமக்கட்டி, கொஞ்சம் மெழுகுவர்த்தி. அந்த ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

மூன்றாம் நாள் வீக்கம் குறைந்தது. மறுநாள் காலை உபதேசியார் வந்து சங்கிலியைக் கேட்டார். எனக்கோ கொடுக்க மனசில்லை. நான் கெட்டிக்காரன் அல்ல, ஆனால் பொய்யில் கைதேர்ந்தவன். ஒரே மாமாவுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு முறை கல்யாணம் செய்து வைத்து லீவு வாங்கியவன். அன்றைக்கும் வாய் தானாகத் திறந்தது. விடியற்காலையில் மாதா கனவில் வந்தார்கள் என்றேன். நீல முக்காடு போட்டிருந்தார்கள் என்றேன். "தங்கச்சிக்கும் வரப்போகுது. வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டா வராது" என்று சொன்னார்கள் என்றேன். சங்கிலி தங்கை கழுத்தில் இருந்தால் வீட்டுக்குள் இருக்கும், நானும் அவ்வப்போது சப்பிக்கொள்ளலாம். என் திட்டத்தின் மொத்த ஆழம் அவ்வளவுதான்.

அம்மா கையைக் கூப்பினாள். உபதேசியார் முழங்காலில் நின்றார். நானும் ஒரு மரியாதைக்காக நின்றேன்.

தங்கை அப்போது மூன்றாம் வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்பு. பதினாறாம் வாய்ப்பாடு எனக்குப் பாதியில் நின்றுவிடும், அவள் ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் சொல்லுவாள். டீச்சர் என்னை எழுப்பி நிறுத்திவிட்டு, "உந்தங்கச்சிய கேட்டுச் சொல்லு" என்பார். அது ஒரு அவமானம் என்றே அப்போது எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

அவள் கழுத்தில் சங்கிலி ஏறியது. ஊரெல்லாம் கனவுச் செய்தி பரவியது. பக்கத்து வீட்டு அத்தை அம்மன் பக்தை. தன் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டாள். அதன்பின் ஒரு நாளைக்கு ஒரு கழுத்து என்று உபதேசியார் முறை வைத்தார். சாயங்காலம் கோவில் வாசலில் ஒரு பிள்ளை கழற்றும், அடுத்த பிள்ளை போட்டுக்கொள்ளும். கழற்றிய சங்கிலியில் உடம்புச் சூடு இருக்கும், சிலுவை ஈரமாக இருக்கும். ஈரத்தை யாரும் யோசிக்கவில்லை. தவக்காலம் வந்து சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியதும், மாதாவின் வெறுங்கழுத்தும் யார் கண்ணிலும் படவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் தினமும் இரண்டு கன்னம் குறைந்துகொண்டே வந்தது. டீச்சர் ஆஜர் கூப்பிட்டால் பாதிப் பெயருக்கு, "வீங்கிக்கிச்சி டீச்சர்" என்று நாங்கள் ஒரே குரலில் பதில் சொன்னோம்.

சங்கிலி போட்டும் ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வராத பிள்ளைக்குச் சங்கிலியால் வரவில்லை. வந்த பிள்ளைக்கு இன்னும் ஒரு நாள் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். பெரியவர்களின் கணக்கில் பிழையே கிடையாது.

தங்கைக்கு வீங்கியபோது வீக்கம் சின்னதுதான், ஒரு பக்கம் மட்டும். நான் கிண்டல் செய்யக்கூடப் போதவில்லை. ஆனால் காய்ச்சல் என்னைவிட அதிகம். மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். வீடு சுற்றுகிறது என்று பாயைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்றால் இடது பக்கமாகச் சரிந்து விழுந்தாள். அம்மா பயந்துபோய்த் தீர்த்தம் தெளித்தாள். பக்கத்து வீட்டு அத்தை வேப்பிலை அடித்தாள். பத்து நாளில் எழுந்து நடந்துவிட்டாள். பிழைத்தாள் என்று அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அதற்குப் பிறகுதான் விஷயம் தொடங்கியது.

நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுப்போம். காலையில் அவள் காதருகில் போய், "சளி மூக்கு மகாராணி" என்று சொல்லி எழுப்புவது என் பழக்கம். 'சளி' என்று முடிப்பதற்குள் குத்து விழும். அன்றைக்குச் சொன்னேன், குத்து வரவில்லை. இன்னும் மோசமான ஒன்றைச் சொன்னேன். வரவில்லை. கண்ணை விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு சாந்தமாகப் படுத்திருந்தாள். என் வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குத் தங்கையைப் பார்த்துப் பயம் வந்தது. தாண்டிப்போய் மறுபக்கம் படுத்து, அதையே சொன்னேன். மூக்கில் குத்து விழுந்து ரத்தம் வந்தது. ரத்தம் வந்த சந்தோஷத்தில் விஷயம் எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

அன்று முழுக்கச் சோதனை செய்தேன். டப்பாவில் புளியங்கொட்டை போட்டுப் பின்னால் நின்று ஆட்டினேன். வலது பக்கம் ஆட்டினால் திரும்பினாள். இடது பக்கம் ஆட்டினாலும் வலது பக்கமே திரும்பித் தேடினாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி நேராகவே கேட்டேன். முதலில் இல்லை என்றாள். அப்புறம் அழுதாள்.

"சிலுவைய சப்பினேன்டா. அதான் மாதா காத எடுத்துகிச்சி. யாராண்டயும் சொல்லாத, இன்னொன்னும் எடுத்துரும்."

காய்ச்சலிலிருந்தே இதை அவள் வயிற்றுக்குள் வைத்திருந்தாள். நானோ அப்போது வீரன் அல்ல. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் யாருக்கும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் ரைஸ்மில்லில் இன்ஜின் ஓட்டுகிற வேலை. நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டாலும் ஊர் கேட்கும். அவருக்குக் கேட்க வேண்டும் என்று அம்மாவும் கத்துவாள். நாங்களும் கத்துவோம். அந்த வீட்டில் அரைக் காது இருந்தாலே போதும்.

பள்ளிக்கூடம் அப்படி இல்லை. மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே கூடம், ஒரே டீச்சர். பெண் பிள்ளைகள் வலது சுவரை ஒட்டிக் குட்டை பெஞ்சில் உட்கார்வார்கள். அதில் தங்கைக்குக் கேட்கிற காது சுவரைப் பார்த்திருந்தது, கேட்காத காது டீச்சரைப் பார்த்திருந்தது. தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, மீதியை நடந்து வருகிற டீச்சர். சத்தமாகப் பேசத் தெம்பு இருக்காது. ஆஜருக்குத் தங்கை பதில் சொல்லவில்லை, ஒரு அடி. கேள்விக்குத் திரும்பவில்லை, இரண்டு அடி. முதலிடத்துப் பெண் திடீரென்று இப்படி ஆனதால், டீச்சருக்கு அது திமிராகத்தான் பட்டது. இப்போது யோசித்தால் அவரையும் குறை சொல்ல முடியவில்லை. காய்ச்சலில் எழுந்த பெண்ணுக்கு ஒரு காது மட்டும் போகும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பங்குனி வெயிலில் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். தவிடு ஒட்டின தலையோடு வந்து நின்றார். மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் திரும்பாத மகளை டீச்சர் காட்டினார். அன்று சாயங்காலம் வீட்டில் முடிவாகிவிட்டது. படப்பை அத்தைக்குப் புதிதாகக் குழந்தை பிறந்திருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"முழுப்பரீட்சை முடியட்டும். அத்த வூட்டுக்கு அனுப்பிடு," என்று அப்பா அவருடைய இன்ஜின் குரலில் சொன்னார். "படிக்கிற புள்ளனு நெனச்சேன். இவளுக்கு இனிமே வராது."

தங்கையின் வலது காது அப்பா பக்கம் இருந்தது. எல்லாம் கேட்டது. ஸ்லேட்டை எடுத்துத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தாள்.

அந்த நிமிஷம் நான் முடிவு செய்தேன், இவளைப் படப்பைக்கு அனுப்ப விடுவதில்லை என்று. பத்து வயதில் எடுத்த முடிவு. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு உறுதியாக எதையும் முடிவு செய்ததில்லை, என் கல்யாணம் உட்பட.

முதலில் சத்தியத்தை உடைத்து அம்மாவிடம் சொன்னேன். "காது கேக்கலியா? சோறுன்னா மட்டும் எப்டிடா ஓடியாறா?" என்று கேட்டுவிட்டு விறகை ஊதினாள். டீச்சரிடம் போய், தங்கையை இடது பக்கம் மாற்றி உட்கார வையுங்கள் என்றேன். அவர் என் மாமாவின் இரண்டு கல்யாணங்களையும் ஞாபகப்படுத்தி என்னை அனுப்பிவிட்டார். அடுத்து, நானே அவளுக்குக் காதாகிவிடுவது என்று திட்டம். டீச்சர் அவளைக் கூப்பிட்டால் என் பெஞ்சிலிருந்து மூக்கைச் சொறிவேன், விடையைச் சொல்ல வேண்டுமானால் தலையைச் சொறிவேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் நிஜமாகவே மூக்கு அரித்தது. டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருக்க, தங்கை சம்பந்தமில்லாமல் எழுந்து நின்று பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரும் மணி அடிக்கும்வரை முட்டி போட்டோம்.

கடைசியாக ஒரு மகா யோசனை வந்தது. மாதப் பூசைக்குச் சாமியார் வருகிறார். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், அவர் அப்பாவிடம் சொல்லிவிடுவார். சாமியார் சொன்னால் அப்பா நம்புவார், திட்டு வாங்குகிற நேரத்தில் நான் ஏரிப்பக்கம் போய்விடலாம். ஞாயிறு காலை, பூசைக்கு முன்னால் வரிசையில் நின்று முழங்காலிட்டேன். கனவு பொய், சிலுவை வாயில், தங்கையின் காது, படப்பை, ஒன்று விடாமல் சொன்னேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் முகத்தை நெருக்கிக்கொண்டு வந்தார்.

"இத நான் வெளிய சொல்லக்கூடாதுப்பா," என்றார் சாமியார். "யாராண்ட பொய் சொன்னியோ, அவங்களாண்ட நீதான் சொல்லணும்."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. எல்லாப் பாவிகளையும் காப்பாற்றுகிற விதி, அன்றைக்கு என்னை மட்டும் காலை வாரிவிட்டது.

பூசை முடிந்தது. அன்றைக்குத்தான் சங்கிலியை மாதாவுக்குத் திருப்பிப் போடுகிற நன்றி நாள் என்பது எனக்குத் தெரியாது. ஊரில் வீங்க வேண்டிய கன்னமெல்லாம் வீங்கி வற்றியாகிவிட்டது. அம்மன் கோவில் வீட்டுக்காரர்களும் வந்து பின்னால் நின்றிருந்தார்கள். உபதேசியார் தட்டில் சங்கிலியோடு முன்னால் வந்தார்.

"மாதா யார் கனவுல வந்தாங்களோ, அந்தப் புள்ள ரெண்டு வார்த்த சொல்லுவான்," என்றார்.

அம்மா பெருமையோடு என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நடந்து போனேன். ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். கதவருகில் தங்கை உட்கார்ந்திருந்தாள், தலையைச் சாய்த்து, வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டு.

"கனவே வரல," என்றேன். "நான் சும்மா சொன்னேன்."

நிறுத்தினால் சொல்ல முடியாது என்று தெரிந்து, மூச்சு விடாமல் சொன்னேன். "சங்கிலிய குடுக்க மனசில்லாம சொன்னேன். தங்கச்சிக்கு இடது காது கேக்கல. சொரம் வந்ததுலேர்ந்து கேக்கல. சிலுவைய சப்புனதால மாதா எடுத்துகிச்சினு நெனச்சிகினு இருக்கா. நான் அவளுக்கு முன்னாடியே சப்புனேன். எடுக்கறதுன்னா மாதா என் காததான் எடுத்திருக்கும்."

உபதேசியாரின் கை ஓங்கியது. அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"அடி அப்புறமா வாங்கிக்கிறேம்பா. மொதல்ல அவ காதப் பாரு."

அதற்குள் ஒரு சின்னக் குரல், "நானும் சப்புனேன்" என்றது. பக்கத்து வீட்டு அத்தையின் கடைக்குட்டி. அதன் அண்ணன், "நானுந்தான்" என்றான். அப்புறம் நிற்கவில்லை. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், பின்வரிசை என்று எங்கும் பிள்ளைகள் எழுந்து நானும் நானும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தன் தான் கடித்தும் பார்த்ததாகச் சொன்னான். பாவசங்கீர்த்தனம் அவ்வளவு கூட்டமாக நடந்து நான் பார்த்ததில்லை. உபதேசியார் ஓங்கிய கையை இறக்கி, தட்டைப் பார்த்தார். பிறகு அதைத் தன்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். சாமியார் கூரையில் எதையோ உற்றுப் பார்த்தார்.

அப்பா என்னைத் தாண்டிப் போய்விட்டார். தங்கையிடம் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். அவள் வலது காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். எண்ணெய்க் கறை ஏறின பெரிய கை, அவள் பாதிக் கன்னமும் அதற்குள் போய்விட்டது. இடது காதருகில் குனிந்தார். எப்போதும் போலக் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"கண்ணு, பொரி உருண்ட வாங்கியாந்தேன். இந்தா."

அவள் மாதாவை மூடியிருந்த ஊதாத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். கையை எடுத்தார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "இன்னாப்பா? எதனா சொன்னியா?" என்று கேட்டாள்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்னை அவர் அடிக்கவில்லை. அவர் பங்கையும் சேர்த்து அம்மா அடித்துவிட்டாள். உபதேசியார் தன் பங்குக்குக் கோவில் வளாகத்துப் புல்லை முழுக்க என்னைப் பிடுங்க வைத்தார். சங்கிலியைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு, சீயக்காய் தேய்த்து, ஊதாத் துணியை விலக்கி மாதா கழுத்தில் கட்டினார். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் என்னை ஒரு வாரம் முறைத்தாள். பிறகு வேலிக்கு மேலே எட்டி, "மாதா கனவுல நீல முக்காடு போட்டிருந்ததாவது நெசமாடா?" என்று ரகசியமாகக் கேட்டாள். அவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. தெரியவில்லை என்றேன்.

அந்த வாரமே அப்பா லீவு போட்டு, எங்கள் இருவரையும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் கவை மாதிரி ஒரு இரும்பைத் தட்டித் தட்டி அவள் காதில் வைத்தார். அந்த வீக்கம் சில பிள்ளைகளுக்கு உள்ளே காது நரம்பைக் கெடுத்துவிடும் என்றும், போனது திரும்பாது என்றும், மற்றக் காது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அப்பா சங்கிலியைப் பற்றிக் கேட்டார். எச்சிலில், மூச்சில் பரவுகிற வியாதி, சங்கிலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வீட்டுப் பிள்ளைக்கு வந்திருக்கும் என்றார் டாக்டர். ஒரே பாயில் படுத்தவள் என்று நானும் சொல்லிக்கொண்டேன். ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். முக்கால்வாசி நாள் நம்புகிறேன்.

மறுநாள் காலை அப்பா மில்லுக்குப் போகாமல் எங்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். டீச்சரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னார். டீச்சர் தங்கையின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அனுமதி கேட்கவில்லை. வலது சுவரோரம் இருந்த குட்டை பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, இடது சுவரோரம் முன்னால் போட்டார். மகளை அதில் உட்கார வைத்தார். படப்பை அத்தையிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாக, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவளிடம் கத்திச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் பையன்கள் வரிசை. தான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அங்கே உட்கார்ந்த ஒரே பெண் அவள்தான்.

கோவிலில் நான் சொன்னதிலிருந்து அன்றுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாதா தண்டிக்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதி. அண்ணன் பொய்யால் ஒரு மாதம் பயந்து செத்ததில் கோபம். இரண்டும் நியாயம்தான். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு ஏரிக்கரை மேல் நடந்து வந்தோம். நான் சமாதானத்துக்கு முயன்றேன். அவளுடைய வலது பக்கமாக நடந்துகொண்டு, என் பம்பரத்தைத் தருகிறேன், இனிமேல் திட்ட மாட்டேன், வாய்ப்பாட்டை நானே படிப்பேன் என்று வரிசையாக வாக்குறுதி கொடுத்தேன்.

அவள் நின்றாள். என் முழங்கையைப் பிடித்து, என்னைத் தன் முன்னால் சுற்றி இழுத்து, இடது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் உனக்குக் கேக்காதே," என்றேன்.

"தெரியும். எனக்கு ஒரு காதுதான் கீது. அதுல உன் பொய்ய ஊத்தாத. பேசணும்னா இங்க பேசினு வா."

சொல்லிவிட்டு நடந்தாள். நானும் நடந்தேன். கரை முடிகிற வரைக்கும் அந்தக் காதில்தான் பேசிக்கொண்டு வந்தேன். என்ன சொன்னேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவளுக்கும் தெரியாது. அத்தனையும் நிஜம்.